நேர்காணலுக்கு ஓர் அறை



கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்ததும் என் போனுக்கு ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கும். "யக்கா, நாளைக்குக் காலைல ஆன்லைன் இன்டர்வியூ. எப்படிப் பேசணும்?" கேட்பவர்கள் கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பிள்ளைகள். அநேகம் பேர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அப்பா காட்டு வேலைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்.

இணையத்தில் தேடினால் இதற்கு எத்தனையோ வீடியோக்கள் கிடைக்கும். அமைதியான அறையில் உட்காருங்கள், பின்னால் வெற்றுச் சுவர் இருக்கட்டும், வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும், தடையில்லாத இணைய இணைப்பு வேண்டும் என்பார்கள். எல்லாம் சரியான யோசனைகள்தான். ஆனால் அந்த வீடியோவை எடுத்தவருக்கு ஓர் அறை இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. அந்த இடத்திலிருந்துதான் நான் பேச விரும்புகிறேன்.

வீடும் கூடவே வருகிறது

நான் முதன்முதலாக நேர்காணலுக்குப் போனது 2006-இல். பி.காம். முடித்திருந்தேன். இரவு கோவில்பட்டியில் முத்துநகர் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறி, கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்தபடியே எழும்பூர் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, பையில் மடித்து வைத்திருந்த சுடிதாரை மாற்றிக்கொண்டு போனேன். கஷ்டம்தான். அந்தக் கஷ்டத்திலும் ஒரு வசதி இருந்தது. வீட்டை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேர் பார்த்தது என்னையும் என் சான்றிதழ்களையும் மட்டும்தான்.

அவர்கள் தேடாமல் விடவில்லை. "எந்த ஊர்?" என்றார் ஒருவர். கோவில்பட்டி என்றேன். "கோவில்பட்டியேவா, பக்கத்துல கிராமமா?" கிராமத்தின் பெயரைச் சொன்னேன். "அந்தப் பக்கம் எனக்கு நிறைய பேரைத் தெரியுமே, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" தெற்குத் தெரு என்றேன். அதற்குப் பிறகு அவர் கணக்கியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

அந்த மனிதருக்கு அன்றைக்கு மூன்று கேள்விகள் தேவைப்பட்டன. இன்றைக்குக் கேமராவைத் திறந்தாலே போதும். அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு என்றால் ஒரே கூடம், ஒரு சமையல்கட்டு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், கொடியில் தொங்கும் துணி, மூலையில் ரேஷன் அரிசி மூட்டை, இருமும் பாட்டி, குறுக்கே ஓடும் அக்கா பிள்ளை, அடுத்த வீட்டு டிவி எல்லாம் பிள்ளையோடு சேர்ந்து நேர்காணலுக்கு வந்துவிடுகின்றன.

இதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020 கொரோனா ஊரடங்குக்குப் பிறகு நிறுவனங்கள் முதல் சுற்றை ஜூமிலும் கூகுள் மீட்டிலும் நடத்தப் பழகிவிட்டன. ரயில் செலவு மிச்சம். இரவுப் பயணத்துக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத பெண்பிள்ளைகள், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கப் போயிருக்க வேண்டியவர்கள், பெங்களூரு நிறுவனத்தின் நேர்காணலில் உட்கார முடிகிறது. கதவு திறந்திருப்பது உண்மை. அது நம் வீட்டுப் பக்கமாகவும் திறக்கிறது என்பதுதான் சிக்கல்.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்து, லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். வேலை தயாராக இருந்தது. தங்க இடம்தான் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். சில நாளில் விஷயம் தெரிந்து, தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர்களிடம் கேட்டும் இடம் கிடைக்காமல், பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். அவ்வளவு படித்தவருக்கும் தடையாக இருந்தது ஓர் அறை. நூறு வருடம் கழித்து நம் பிள்ளைகளுக்கும் அதுவே தடையாக இருக்கிறது. அதனால் ஆன்லைன் நேர்காணலுக்குத் தயாராவதைத் தனி ஆள் சாமர்த்தியமாக நான் பார்ப்பதில்லை. தெருவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாகத்தான் பார்க்கிறேன்.

பெயரில் இல்லாததை எங்கே தேடுகிறார்கள்

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பலனாக இன்று தமிழ்நாட்டில் பெயரை மட்டும் பார்த்துச் சாதியைச் சொல்வது கடினம். இந்தியாவின் பல மாநிலங்களில் நிலைமை வேறு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் ஒன்று, பெயர் மட்டும் வேறு வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், சுரீந்தர் ஜோத்காவும் காத்ரின் நியூமனும் டெல்லிப் பகுதியில் பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளிடம் பேசினார்கள். அதிகாரிகள் எல்லோரும் தகுதிதான் முக்கியம் என்றார்கள். கூடவே, குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்றும் சொன்னார்கள்.

நம் மாநிலத்தில் பெயர் காட்டிக் கொடுக்காததால், இந்தக் குடும்பப் பின்னணிக் கேள்விதான் எல்லா வேலையையும் செய்கிறது. ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், எந்த ஹாஸ்டலில் தங்கிப் படித்தாய், குலதெய்வம் எது. ஒவ்வொன்றும் சாதாரணக் கேள்விபோலத்தான் வரும். கேட்பவர் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 'ஆபீஸ்' என்றுதான் பெயர். இரண்டு வருடம் முன்பு ஒரு தங்கச்சியிடம் ஆன்லைன் நேர்காணலில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "ஆபீஸ் போறாங்க சார்" என்றிருக்கிறாள். எந்த ஆபீஸ்? "தீப்பெட்டி ஆபீஸ்." திரையில் இருந்த இருவரும் சிரித்திருக்கிறார்கள். அன்று சாயந்திரம் எனக்குப் போன் போட்டு அவள் கேட்டது இதுதான்: "அதுல சிரிக்க என்னக்கா இருக்கு?"

ஒன்றுமே இல்லை. அந்த அம்மா சிறுமியாக இருந்தபோதே விடியுமுன் வரும் ஆபீஸ் வண்டியில் ஏற்றப்பட்டவர். இந்தக் கரிசல் காட்டில் அந்தத் தலைமுறைப் பெண்களில் எத்தனையோ பேர் அப்படித்தான் வளர்ந்தார்கள். சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தை உழைப்பு பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு வந்தபோது இந்த அம்மாவின் பள்ளிக்கூட வயது முடிந்துபோயிருந்தது. அவர் படிக்காமல் போனதைத்தான் மகள் படித்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டியதில்லை.

எனவே முதல் தயாரிப்பு இந்தக் கேள்விகளுக்குத்தான். திடீரென்று வந்தால் நாக்கு புரளும். முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருந்தால் புரளாது. நான் சொல்லிக் கொடுப்பது ஒரு வரி பதில், உடனே வேலைக்குத் திரும்புதல். "என் அம்மா தீப்பெட்டித் தொழிலாளி, அவர் சம்பாத்தியத்தில்தான் படித்தேன். கடைசி ஆண்டில் நான் செய்த புராஜெக்ட் இந்த வேலைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது, அதைச் சொல்லட்டுமா?" என்று பேச்சின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தெரு, குலதெய்வம் என்று மேலும் தோண்டினால், "இந்த வேலைக்கு அது எந்த வகையில் தேவைப்படும் சார்?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும் என்றில்லை. அந்த நேரத்தில் உங்களுக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, உங்கள் பயோடேட்டாவைத் திருத்துங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் ஒரு பழைய மாதிரிப் படிவம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதில் தகப்பனார் பெயர், மதம், சாதிப் பிரிவு, கதவு எண்ணோடு முழு முகவரி எல்லாம் இருக்கும். அரசு வேலை விண்ணப்பத்தில் பிரிவைக் குறிப்பிடுவது நம் உரிமையைப் பெறுவதற்காக. அங்கே கட்டாயம் எழுதுங்கள். இட ஒதுக்கீடே இல்லாத தனியார் நிறுவனத்துக்கு அதை எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்? பெயர், போன் எண், மின்னஞ்சல், ஊராகக் கோவில்பட்டி. இவ்வளவு போதும். முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். அது தீண்டாமையின் குறியீடாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சரே 2025 ஏப்ரல் 29-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார். கோப்புகளிலிருந்து அது போகும் வரை உங்கள் பயோடேட்டாவில் சுமக்க வேண்டாம்.

மூன்றாவது, சட்டம். தனியார் வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை என்பது பெரிய ஓட்டை. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, தீண்டாமையைக் காரணமாக்கி ஒருவரை ஒரு வேலையிலிருந்து தடுப்பதைக் குற்றம் என்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் வேலையில் நம்மைத் தடுப்பது குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. நிரூபிப்பது கடினம். அதனால்தான் நேர்காணல் முடிந்த அன்றே எழுதி வைக்கச் சொல்கிறேன். நாள், நேரம், யார் யார் இருந்தார்கள், எந்த வார்த்தையில் கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். அழைப்பு மின்னஞ்சலை அழிக்காதீர்கள். ஒருவர் குறிப்பு வெறும் குறிப்பாக இருக்கும். ஒரே நிறுவனத்தைப் பற்றிப் பத்துப் பேர் குறிப்பு வைத்திருந்தால் அது புகாராகும்.

சுவரில் இருக்கும் படம்

போன வருடம் ஒரு தம்பி, நேர்காணலுக்கு முதல் நாள் வீடியோ காலில் வீட்டைக் காட்டினான். சார்ஜர் போட ஒரே ஒரு பிளக். அதன் பக்கம் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரில் அம்பேத்கர் படம். "யக்கா, இத கழட்டிரவா?" என்றான். நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து அவன் பாட்டி குரல் வந்தது: "அத ஏம்ல கழட்டணும்?"

தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது கோபப்பட்டார்கள். வெளியே சிலையைச் சுற்றி அரசாங்கமே கம்பிக் கூண்டு போட்டிருக்கிறது, வீட்டுக்குள்ளும் அவரை நாமே ஒளித்து வைப்பதா என்று கேட்டார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பின்னால் சாமி படம் மாட்டி விளக்கேற்றி வைத்திருக்கும் பிள்ளை, அதைக் கழற்றலாமா என்று யாரிடமும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய நிலையில் நம் பிள்ளை மட்டும் இருக்கிறான்.

ஆனாலும் தம்பியிடம் நான் சொன்னது வேறு. படத்தைக் கழற்றினால் நீ துரோகி ஆக மாட்டாய். அந்தச் சம்பளத்தில் உன் தங்கச்சி படிக்க வேண்டியிருக்கிறது. கழற்றாமல் விட்டால் நீ முட்டாளும் ஆக மாட்டாய். இரண்டில் எதைச் செய்தாலும் நேர்காணல் நடக்கும்போது அதையே நினைத்துக்கொண்டிருக்காதே, இன்று இரவே முடிவு செய்துவிட்டுத் தூங்கு என்றேன். பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தோம். அவன் பழைய போனில் படம் திக்கித் திக்கி நின்றது. அதையும் விட்டுவிட்டோம்.

அவன் படத்தைக் கழற்றவில்லை. நேர்காணலில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. படத்தாலா, அவன் இரண்டு கேள்விக்குத் தடுமாறியதாலா, எங்களுக்குத் தெரியாது. மற்ற பிள்ளைகள் தோற்றால் எங்கே தவறினோம் என்று யோசித்து அடுத்ததற்குப் போவார்கள். நம் பிள்ளை தோற்றால், தவறியது தானா, தன் தெருவா என்ற கேள்வியையும் சேர்த்துச் சுமக்கிறான். தன் தவறு எது என்று தெரியாவிட்டால் திருத்திக்கொள்ளவும் முடியாது. சாதி செய்கிற அநியாயத்தில் இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம்.

கண், முகம், குரல்

நேர்காணல் வீடியோக்கள் எல்லாம் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லும். நம்முடைய தாத்தாக்கள் சம்சாரியின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததற்காக அடி வாங்கியவர்கள். "பெரிய ஆள்க முன்னால தலையக் குனிஞ்சு பேசு" என்று நம்மை வளர்த்ததில் அந்தப் பயம் இருக்கிறது. அது இன்னும் நம் கழுத்தில் இருக்கிறது. அறிவு இருந்தும் தலை தானாகக் குனிகிறது. பார்ப்பவர் அதைத் தன்னம்பிக்கை இல்லை என்று குறித்துக்கொள்கிறார்.

ஆன்லைனில் ஒரு சௌகரியம் உண்டு. நீங்கள் யாருடைய கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. போனின் மேலே இருக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் புள்ளியைப் பார்த்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு நேராகப் பார்ப்பதுபோலத் தெரியும். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன். போனைக் கையில் பிடிக்காதீர்கள். செங்கல் அடுக்கி முகத்தின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். தாழ்வாக வைத்தால் மறுபடியும் தலை குனியும்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், கறுத்த முகம் கேமராவில் காணாமலே போகும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பல போன்களில் முகத்தை வெளுப்பாக்கும் பியூட்டி வசதி தானாகவே போட்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். கேமராவும் கணினியும் நிறம் பார்க்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரூ என்ற இரு கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்கள் வெள்ளை ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 சதவீதம் தவறு செய்தன. கறுத்த பெண்களிடம் அந்தத் தவறு 34.7 சதவீதம் வரை போனது.

குரலுக்கும் இதே கதை. 2020-இல் அமெரிக்காவில் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறியும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசிய நூறு சொல்லில் சராசரியாக 19 சொல்லைத் தவறாக எழுதியவை, கறுப்பினத்தவர் பேசிய நூறில் 35 சொல்லைத் தவறாக எழுதின. இது உங்களுக்கு ஏன் தேவை என்றால், இப்போது சில நேர்காணல்களில் எதிரே மனிதரே இருப்பதில்லை. திரையில் கேள்வி வரும், பதிலைப் பதிவு செய்ய வேண்டும், மென்பொருள் மதிப்பெண் போடும். இப்படி நேர்காணல் நடத்தும் அமெரிக்க நிறுவனமான ஹயர்வியூ, எதிர்ப்பு வலுத்த பிறகு முகபாவத்தை வைத்து மதிப்பிடுவதைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் சொன்னது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2020 முதல், வீடியோ நேர்காணலை மென்பொருள் மதிப்பிடுவதானால் விண்ணப்பதாரரிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே நாம் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கவே தொடங்கவில்லை. அப்படிப்பட்ட நேர்காணல் வந்தால் வேகத்தைக் குறைத்து, சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பேசுங்கள். விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருக்கும் வேலைச் சொற்களையே பதிலிலும் பயன்படுத்துங்கள்.

காங்கிரீட் கூடத்தில் குரல் எதிரொலிக்கும். போனுக்குப் பின்னால் ஒரு கம்பளியையோ அம்மாவின் இரண்டு சேலைகளையோ தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். வயர் உள்ள இயர்போன் போதும். இரண்டு கம்பெனி சிம் தயாராக இருக்கட்டும். ஆடிக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று நமக்குத் தெரியாததா? முந்தின இரவே சார்ஜ் போடுங்கள். கோயில் கொடை நாளாக இருந்தால் மைக்செட்காரரிடம் ஒரு மணி நேரம் கேளுங்கள், கேட்டால் நிறுத்துவார். இணைப்பு அறுந்தால் பதறாமல் மறுபடி நுழைந்து, "மன்னிக்கவும், நெட்வொர்க் போய்விட்டது, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்" என்று சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். திரும்பக் கேட்பது குற்றமில்லை.

சொல்வதற்கு நம்மிடம் இருக்கிறது

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் நம் பிள்ளைகள் திகைக்கிறார்கள். சொல்ல என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. அப்போது எங்கள் படிப்பகப் பிள்ளைகள் எந்தத் தெருவில் எத்தனை குடும்பம், யாருக்குப் பால்பவுடர், யாருக்கு மருந்து என்று போனிலேயே பட்டியல் போட்டார்கள். வந்த வண்டியைப் பிரித்து அனுப்பினார்கள், கடைசித் தெரு விடுபடாமல் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தியிடம் ஒத்திகையில், "குழுவாக வேலை செய்த அனுபவம் உண்டா?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்றாள். ஐந்து நாள் வெள்ளத்தில் நின்றவள்!

அம்மாவின் மகளிர் குழுக் கணக்கை எழுதுவதும், இரவுப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதும், கிராம சபையில் மனு எழுதிப் பேசுவதும் அனுபவம்தான். என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. இந்த மூன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் தடவை உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது. ஐந்தாவது தடவை பரவாயில்லை என்று தோன்றும்.

ஓர் எச்சரிக்கை. பதிவுக் கட்டணம், லேப்டாப் முன்பணம் என்று காசு கேட்டால் அது வேலை இல்லை, மோசடி. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். ஆன்லைனில் எல்லாம் சுலபமாக முடிந்து உடனே விமான டிக்கெட் வந்தால் சந்தேகப்படுங்கள், நாலு பேரிடம் கேளுங்கள்.

அறையைக் கேட்போம்

மேற்கத்திய நாடுகளின் இசைக்குழுக்கள் பலவற்றில், ஆள் எடுக்கும்போது வாசிப்பவருக்கும் நடுவர்களுக்கும் இடையே திரை கட்டும் பழக்கம் உண்டு. ஆணா பெண்ணா, என்ன நிறம் என்று தெரியாமல் வாசிப்பை மட்டும் கேட்பார்கள். அந்தத் திரை மறைக்கிறது, நம் பிள்ளைகள் முன்னால் இருக்கும் திரை காட்டிக் கொடுக்கிறது. நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியது சின்ன விஷயம்தான்: முதல் சுற்றில் கேமரா வேண்டாம், குடும்பத்தைப் பற்றிக் கேள்வி வேண்டாம். ஒன்றிய அரசே தன் குரூப் சி பணிகளுக்கும், குரூப் பி-யில் கெசட்டட் அல்லாத பணிகளுக்கும் நேர்முகத் தேர்வை 2016 ஜனவரி 1 முதல் நீக்கியது. எழுத்துத் தேர்வை வைத்தே ஆள் எடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். எங்கள் அம்பேத்கர் படிப்பகத்தில் புத்தக அலமாரிக்குப் பக்கத்து மூலையை நேர்காணலுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, முகத்துக்கு நேரே ஒரு டியூப்லைட், சுவரை மறைக்க ஒரு போர்வை, ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த பழைய லேப்டாப், கரண்ட் போனால் தாங்க ஒரு இன்வெர்ட்டர். நேர்காணல் இருக்கும் நேரத்தை வாசலில் சிலேட்டில் எழுதிவிடுவோம். அந்த நேரத்தில் வாசலில் கேரம் ஆடும் பையன்கள்கூடச் சத்தம் போடுவதில்லை. முந்தின நாள் இரவு இரண்டு பேர் அதிகாரிகளாக உட்கார்ந்து ஒத்திகை நடத்துவார்கள். அதில் ஒருவர் வேண்டுமென்றே "ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று கேட்பார். அங்கே கேட்டுப் பழகிய கேள்வி, மறுநாள் உண்மையாக வரும்போது அவ்வளவாகச் சுடாது. படத்தைப் பற்றிக் கேட்ட தம்பியும் இப்போது அங்கேதான் உட்காருகிறான்.

எல்லா ஊரிலும் படிப்பகம் இருக்காது. ஆனால் பூட்டியே கிடக்கும் சமுதாய நலக்கூடம், ஊராட்சி நூலகம், இ-சேவை மையம், சாயந்திரம் சும்மா இருக்கும் பள்ளி வகுப்பறை என்று ஏதாவது ஒன்று இருக்கும். 'நான் முதல்வன்' திட்டத்தில் 2022 முதல் பயிற்சி தருகிறார்கள், நல்லது. பயிற்சி முடித்த பிள்ளை உட்கார்ந்து பேச இடமும் கொடுங்கள் என்று கேட்பது நம் உரிமை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடும் நாட்கள் உங்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"எங்கள் ஊராட்சியில் படித்து முடித்த பிள்ளைகள் ஆன்லைன் நேர்காணலில் பங்கேற்க, மின்சாரமும் இணைய வசதியும் உள்ள பொது அறை ஒன்றை ஒதுக்கித் தர வேண்டும். அந்த அறை எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயக்கமின்றி வந்துபோகும் இடத்தில் இருக்க வேண்டும். அறையின் சாவி படித்த பிள்ளைகள் குழுவிடம் இருக்க வேண்டும்."

தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும் வரை எழுந்து வராதீர்கள்.

ஜெய் பீம்.